கட்டுமரமும் நெடும்பலகையும்: கையெழுத்து இல்லாத ஒரு கலையின் வரலாறு

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்ட மறுநாள் தொடங்கி மூன்று நாட்கள் ஐயங்குளத்தில் தெப்பல் திருவிழா நடைபெறும். சந்திரசேகரர் ஒருநாள், பராசக்தி அம்மன் ஒருநாள், சுப்பிரமணியர் ஒருநாள் என உற்சவ மூர்த்திகள் தெப்பத்தில் எழுந்தருளிக் குளத்தை வலம் வருவர். தீபம் காண வந்த பெருங்கூட்டம் பேருந்தேறி ஊர் திரும்பிய பிறகு நடக்கும் விழா இது. ஆகையால் படிக்கட்டில் உட்கார இடம் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவரோடு நிதானமாகப் பேசவும் முடியும்.

அப்படி ஓர் ஆண்டு உட்கார்ந்திருந்தபோது, எங்களோடு வந்திருந்த முதுகலை மாணவர் ஒருவர் தெப்பத்தைச் சுட்டி, "ஐயா, இது எங்க ஊர் மரந்தான். நிக்கிற தண்ணிக்கு வந்ததால சாதுவாயிடுச்சு" என்றார். அவர் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள மீனவர் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தா கட்டுமரம் கட்டியவர். தந்தை ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். தம்பி, சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுப்பவர். சற்று நேரம் கழித்து அந்த மாணவர் சொன்ன இன்னொரு வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்து: "தம்பி நிக்கிற பலகையில அதைச் செஞ்சவர் பேரு எழுதியிருக்கு, ஐயா. தாத்தா கட்டின மரத்துல யார் பேரும் இல்ல."

கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, மலையடிவாரத்தில் வாழும் தமிழாசிரியர்களாகிய நமக்கு அலைச்சறுக்குப் பலகையோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உறவு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், பெயர் இல்லாமையில்.

*

மிதக்கும் மரத்துக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. புணை, மிதவை, தெப்பம், அம்பி, திமில், தோணி என்று சொற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுள் புணை என்னும் சொல் நம் நினைவில் நிற்பதற்குக் கணியன் பூங்குன்றனார் காரணம். புறநானூற்றின் 192ஆம் பாடலில், ஆற்று நீர் இழுத்த வழியே செல்லும் புணையை அவர் மனித வாழ்வுக்கு உவமையாக்கினார். அதே புணை விளையாட்டுப் பொருளாக வரும் இடம் குறுந்தொகையின் 222ஆம் பாடல். சிறைக்குடி ஆந்தையார் பாடியது. தோழி புணையின் முன்பக்கத்தைப் பற்றினால் தலைவியும் முன்பக்கத்தைப் பற்றுகிறாள். தோழி பின்பக்கத்துக்குப் போனால் அவளும் அங்கே போகிறாள். புணையின் இரு முனைகளுக்கும் தலைப்புணை, கடைப்புணை என்று தனித்தனிப் பெயரே இருக்கிறது. மிதவைக்குத் தலையும் கடையும் வேறு வேறு என்று உணர்ந்த சமூகம், அதை வெறும் கட்டையாகப் பார்க்கவில்லை என்பது தெளிவு.

கடலுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் வணிகர் கையேடு, சோழமண்டலக் கரையில் பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் கலங்களைக் குறிக்கிறது. சங்காடம் என்ற சொல்லோடு இதனை இணைத்துக் காண்பாரும் உளர். பிறகு ஏறத்தாழப் பதினாறு நூற்றாண்டுகள் தாண்டி, 1697இல் வெளியான தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேய மாலுமி, நம் கரையில் தாம் கண்ட கட்டுமரத்தை விவரித்தார். ஒன்றிரண்டு இலேசான மரங்கள். ஒரே ஒரு ஆள். அவன் கால்களும் இருக்கையும் எப்போதும் நீரில் நனைந்தபடியே இருக்கும் என்பது அவர் தரும் சித்திரம். படத்தைப் பார்க்காமல் அந்த விவரிப்பை மட்டும் கேட்கும் ஒருவர், இன்றைய அலைச்சறுக்குப் பலகையைத்தான் மனத்தில் வரைந்துகொள்வார்.

ஏன் இந்த வடிவம்? காரணம் நம் கரையின் இயல்பு. சோழமண்டலக் கடற்கரை திறந்த கடற்கரை. காற்றையும் அலையையும் தடுக்கும் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. கரைக்கு இணையாக மணல்திட்டுகள் படிந்திருப்பதால், ஆழ்கடலில் இருந்து வரும் அலை அவற்றின்மேல் ஏறி, நிமிர்ந்து, உடைகிறது. 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் குடியேறிய பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் கரை சேர்ந்தது மசூலாப் படகுகளில். ஆணி அடிக்காமல், தென்னை நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை அடிக்கும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. மசூலாவும் போக முடியாத நாளில் கடிதம் கொண்டு சென்றது கட்டுமரம். நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு கட்டுமரக்காரர் அலைக்குள் பாய்ந்து செல்வதை அக்காலத்துப் பயணிகள் பலர் வியந்து எழுதியுள்ளனர்.

கட்டுமரத்தின் நுட்பத்தை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த அவர், இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி 1920இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். கட்டுமரம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறுபடுவதை அவர் வகைப்படுத்திக் காட்டினார். மூன்று மரம், நான்கு மரம், ஐந்து மரம் எனக் கட்டுவதுண்டு. பறவைக்கோலா பிடிக்கப் போகும் கோலாமரத்துக்கு ஏழு மரம். நடுமரம் நீளமாகவும் சற்றுத் தாழ்வாகவும் அமையும். பக்க மரங்கள் சற்று உயர்ந்து நிற்கும். அணியம், அதாவது முன்புறம், கூர்ந்து மேல்நோக்கி வளையும். அடியில் ஏரா கிடையாது. ஆதலால் மணல்திட்டில் தட்டாது. பாய் விரிக்கும்போது பக்கவாட்டில் நழுவாமல் இருக்கப் பலகை ஒன்றை நீரில் இறக்கிக்கொள்வர். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே பிரித்து வெயிலில் உலர்த்துவர். நீர் குடித்த மரம் கனக்கும்; கனத்த மரம் அலையில் எழாது.

*

இனி உலகின் மறுபக்கம். 1779இல் கேப்டன் குக்கின் கப்பலில் இருந்த ஜேம்ஸ் கிங், ஹவாய்த் தீவு மக்கள் நீண்ட பலகையின்மேல் அலையேறி வருவதைக் கண்டு எழுதினார். அங்கே பலகைகளில் சாதி இருந்தது. எளிய மக்களுக்கு 'அலாயா' என்னும் மெல்லிய பலகை. தலைவர்களுக்கு 'ஓலோ' என்னும் நீண்டு தடித்த பலகை. ஓலோவுக்கு உகந்தது வில்லிவில்லி என்னும் மரம். அம்மரத்தின் தாவரப் பேரினம் எரித்ரைனா. நம் ஊரில் வேலியோரம் செந்நிறமாகப் பூத்து நிற்கும், இலையைப் பறித்து அடை சுடும் கல்யாண முருங்கையும் அதே எரித்ரைனா இனம்தான். நம் கரையிலும் இலேசான மரங்களே தேடப்பட்டன. அல்பீசியா இன மரங்கள், மலைவேம்பு முதலியவை கட்டுமரத்துக்கு உதவின. கல்யாண முருங்கையும் மிதவைகளுக்குப் பயன்பட்டதுண்டு. இரண்டு கடற்கரைகள், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே குடும்பத்து மரத்தைத் தட்டிப் பார்த்திருக்கின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இதைக் கொண்டு 'அலைச்சறுக்கைக் கண்டுபிடித்தவன் தமிழனே' என்று முழங்கக் கிளம்புவோர்க்கு இக்கட்டுரை உதவாது. அப்படிச் சொல்லச் சான்று இல்லை. ஹவாயில் அது விளையாட்டு, வழிபாடு, அரச மரியாதை. நம் கரையில் அது பிழைப்பு. கட்டுமரக்காரர் அலையேறி வந்தது மீனை விற்று அரிசி வாங்க. ஒரே இடர்ப்பாட்டை எதிர்கொண்ட இரு சமூகங்கள் நெருங்கிய விடைகளைக் கண்டன என்பதே வரலாறு தாங்கும் கூற்று. பெருமைக்கு அதுவே போதுமானது.

மிஷனரிகள் காலூன்றிய 1820க்குப் பின் ஹவாயில் நலிந்த அவ்விளையாட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் தழைத்தது. ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு ஏறிய பழையபாணிப் பலகை 16 அடி நீளம், 114 பவுண்டு எடை. 1926இல் டாம் பிளேக் என்பவர் ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த பழம்பலகைகளைப் பார்த்து ஒன்றைச் செய்தார். எடையைக் குறைக்க உள்ளே துளைகள் இட்டார். 1935இல் பலகையின் அடியில் மீன் துடுப்புப் போன்ற ஒரு 'ஃபின்' பொருத்தியவரும் அவரே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பால்சா மரமும் கண்ணாடி இழையும் வந்தன. பாப் சிம்மன்ஸ் விசைப்படகுகளின் அடித்தளம் பற்றிய நீரியல் ஆய்வுகளைப் படித்துப் பலகைக்குப் பொருத்திப் பார்த்தார். 1958இல் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரையைக் கொண்டு பலகை செய்யும் முறையைக் கொணர்ந்தனர். 1967ஐ ஒட்டிப் பலகைகள் திடீரெனக் குறுகின. ஒன்பது அடிப் பலகைகள் பழங்காலத்துப் பொருளாயின. 1980களில் அவை திரும்பி வந்தன. ஆனால் வந்தது பழைய பலகை அன்று. குறும்பலகைகள் கற்ற பாடங்களையெல்லாம் உள்வாங்கிய புதிய நெடும்பலகை அது.

*

அப்புதிய பலகையை வடிப்பவருக்கு முன்னுள்ள சிக்கலைச் சற்று விளக்க வேண்டும். நெடும்பலகை என்றால் 9 அடிக்குக் குறையாதது. நீளம் இருந்தால் சிறிய அலையையும் முன்கூட்டியே பிடிக்கலாம். வழுக்கிச் செல்லும் ஓட்டம் கிடைக்கும். பலகையின்மேல் நடந்து நுனிவரை செல்லலாம். ஆனால் அதே நீளம் திரும்ப விடாது. ஓட்டமும் வேண்டும், வளைந்து திரும்பும் சுறுசுறுப்பும் வேண்டும் என்றால், ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும்.

முதலாவது, தலையிலிருந்து கடைவரை ஓடும் மேல்நோக்கிய வளைவு. 'ராக்கர்' என்பர். தலைப்பக்கம் வளைவு போதாவிட்டால் செங்குத்தான அலையில் நுனி நீருக்குள் குத்திப் பலகை கவிழும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பேர்லிங்'. முத்துக்குளிப்பவர் மூழ்குவதைப் போன்றது என்பது பொருள். கொற்கை முத்தைப் படித்து வளர்ந்த நமக்கு இச்சொல் சற்றே புன்னகை வரவழைக்கிறது. வளைவு மிகுந்தாலோ பலகை நீரைத் தள்ளிக்கொண்டு போகும், வேகம் குறையும். இரண்டாவது, விளிம்பு. தடித்து உருண்ட விளிம்பு மன்னிக்கும் குணமுடையது. மெலிந்த விளிம்பு அலைக்குள் கடித்துத் திரும்பும், தவறு செய்தால் தள்ளிவிடும். கடைப்பகுதியில் விளிம்பின் அடி கூர்மையாக இருந்தால் நீர் சட்டென்று விடுபட்டு வேகம் கூடும். மூன்றாவது, அகலம். தலை அகன்றிருந்தால் நுனியில் நிற்கலாம்; குறுகியிருந்தால் விரைந்து திருப்பலாம். இவற்றோடு அடிப்பரப்பின் மெல்லிய குழிவு, மூன்று ஃபின்களின் இடைவெளி, எடை. ஒன்றைத் தொட்டால் மற்றவை அனைத்தும் மாறும். யாப்பு அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஒரு சீரை மாற்றினால் தளை தட்டும், தளையைச் சரிசெய்தால் பொருள் நழுவும்.

வேலை நடக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. நடுவில் மெல்லிய மரச்சட்டம் பதித்த நுரைக்கட்டியின் மேல் வார்ப்புச் சட்டத்தை வைத்துக் கோடு இழுப்பர், அறுப்பர், மின் இழைப்புளியால் பருமனைக் குறைப்பர், உப்புத்தாளால் தேய்ப்பர், பின் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்திப் பிசின் ஊற்றுவர். இன்று கணினி வரைந்து கொடுக்க எந்திரம் வெட்டித் தருவதும் உண்டு. ஆயினும் இறுதி வேலை கையில்தான் முடிகிறது. வடிப்பவரின் அறையில் விளக்கு மேலே இராது. பலகையின் விளிம்பு உயரத்தில், இரு பக்கச் சுவர்களிலும் இருக்கும். ஒளி சாய்ந்து விழும்போது மயிரிழை மேடும் நிழலாகக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கண்ணை நம்பாமல் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் நடுச்சட்டத்தின் ஓரம் பென்சிலால் நீளம், அகலம், பருமன் ஆகிய அளவுகளை எழுதிக் கையெழுத்திடுவார். அதன்மேல் கண்ணாடி இழை படர்ந்து எழுத்தை நிரந்தரமாக்கிவிடும்.

மாணவரின் தம்பி நின்ற பலகையில் இருந்தது இந்தக் கையெழுத்துத்தான்.

*

சென்ற விடுமுறையில் நாங்கள் சிலர் அந்தக் குப்பத்துக்குச் சென்றோம். தாத்தாவுக்கு வயது எண்பதுக்கு மேல். காது சற்று மந்தம், நினைவு தெளிவு. 'அணியத்து வளைவை எப்படி அளப்பீர்கள்?' என்று கேட்டோம். சாண், முழம், பாகம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்துக் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தோம். அவர் கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார். பிறகு, மரத்தை வாங்கும்போதே வளைவு அதில் இருக்க வேண்டும் என்றார். இல்லாத வளைவை வாய்ச்சியால் கொண்டுவரக் கூடாது, நார் அறுந்துவிடும். செதுக்குவதை மாலையில் வைத்துக்கொள்வாராம். உச்சிவெயிலில் மரம் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், சாய்ந்த வெயிலில்தான் மேடு பள்ளம் சொல்லும் என்றார். பேசிக்கொண்டே அருகில் கிடந்த ஒரு பழைய மரத்தின்மேல் உள்ளங்கையை ஓட்டினார்.

எங்களுள் எவரும் சிறிது நேரம் பேசவில்லை. கலிஃபோர்னியாவில் சுவர் விளக்கு செய்யும் வேலையை இங்கே மேற்கு வானம் செய்திருக்கிறது.

அந்தப் பழைய மரம் இப்போது உட்கார்ந்து வலை பிரிக்கும் திண்ணையாகப் பயன்படுகிறது. மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், அலையைத் தாண்டிக் கரையேறும் புதிய படகுகளைச் சோதித்தது. 1980களில் கண்ணாடி இழைக் கலங்கள் மெல்லப் பரவின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எஞ்சியிருந்த மரங்களைச் சிதறடித்தது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இதைப் புலம்பலாக எழுத நமக்கு உரிமையில்லை. இடுப்பளவு நீரில் நனைந்தபடி விடியும்வரை தொழில் செய்த தலைமுறை, எந்திரம் பூட்டிய படகை விரும்பியது நியாயம். 'மரம் நல்ல மரந்தான். முட்டிதான் போச்சு' என்று தாத்தாவே சிரித்தார். மரத்தால் ஆன அலைப்பலகையைக் கண்ணாடி இழையும் பிசினும் மாற்றியமைத்து முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே இழையும் அதே பிசினும் கட்டுமரத்தையும் மாற்றின. வேறுபாடு ஒன்றே. அங்கே மரப்பலகைகள் அருங்காட்சியகம் சென்றன. பிளேக் போன்றோர் அவற்றை அளந்து, படித்து, மறுபடி செய்தனர். இங்கே மரங்கள் பெரும்பாலும் அடுப்புக்குப் போயின.

சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆனது. பின்னர் அது பொருள் மாறி, இரட்டை உடல் கொண்ட கலத்தைக் குறிக்கலாயிற்று. அவ்வடிவம் உண்மையில் பசிபிக் தீவினரின் மரபு. பெயர் மட்டும் நம்முடையது. நுரைப்பலகையைப் பரப்பிய அதே ஹோபி ஆல்ட்டர், 1968இல் சிறிய இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்றை அறிமுகம் செய்தார். உலகெங்கும் விற்ற அதன் பெயர் 'ஹோபி கேட்'. அந்தக் 'கேட்' பூனையன்று. நம் கட்டுமரத்தின் முதல் அசை. அலைப்பலகையைச் செய்த கையே அறியாமல் தமிழ்ச் சொல்லையும் தொட்டிருக்கிறது. அதிலும் செய்தவர் பெயர் முழுதாக நிற்கிறது. நம் சொல் அரைகுறையாக நிற்கிறது.

*

இப்போது கதை ஒரு சுற்றுச் சுற்றி நம் கரைக்கே திரும்பியுள்ளது. 2011இல் இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு உருவாயிற்று. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் போன்ற மீனவ இளைஞர்கள் பள்ளி தொடங்கினர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது; ஆடவர் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். எந்த அலையைத் தாண்டக் கட்டுமரம் பிறந்ததோ அதே அலையில் பேரர்கள் நெடும்பலகையில் நிற்கிறார்கள். அலையை வாசிக்கும் கண் அவர்களுக்குக் குடும்பச் சொத்து.

ஆனால் பலகையை வடிக்கும் கண்ணும் அந்த வீட்டிலேயே இருந்தது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? வளைவுக்கும் விளிம்புக்கும் நடுமரத் தாழ்வுக்கும் குப்பத்துக்குக் குப்பம் வழங்கிய சொற்கள் எந்த அகராதியில் இருக்கின்றன? தலைப்புணை, கடைப்புணை என்ற இரண்டு சொற்களுக்கு நாங்கள் வகுப்பில் ஒரு மணிநேரம் உரை சொல்கிறோம். அவற்றின் பேரக்குழந்தைகளான சொற்கள் கடற்கரையில் கடைசிச் சில கிழவர்களின் வாயில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுத எந்தத் தேர்வும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை, எனவே எழுதவில்லை. இந்தக் குறையை வேறு எவர் மேலும் ஏற்ற நாம் விரும்பவில்லை. தமிழ் படித்தவர்களாகிய நம்முடையது அது. கடற்கரை மாவட்டங்களில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்கள் ஆளுக்கொரு குப்பத்தில், ஆளுக்கொரு முதியவரிடம், ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால்கூடப் போதும்.

நாங்கள் விடைபெறும்போது மாணவர் ஒரு பென்சிலை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டி, திண்ணையாகக் கிடந்த அந்த மரத்தில் பெயரை எழுதச் சொன்னார். அவர் பென்சிலை வாங்கவில்லை. எழுத்து தெரியாது என்பதும் காரணமாயிருக்கலாம். மரத்தின் அணியத்தில் கயிறு ஓடிய பள்ளத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த வெட்டைப் பார்த்தா யார் கட்டினதுன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும்" என்றார்.

கையெழுத்து இருந்திருக்கிறது. படிக்கத் தெரியாமல் இருந்தவர்கள் நாம்தான்.